'பதில் போடாதீர்கள்' என்றொரு முகவரி

ஆகஸ்ட் 17, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. இனி திங்கட்கிழமைதோறும் என் மேசையில் விசிட்டிங் கார்டு கொட்டும். குருசாமி அண்ணாச்சி காலையில் கடைக்கு வந்ததும் வெள்ளைச் சட்டைப் பையைக் கவிழ்த்தார். இன்று விடியற்காலையிலேயே மூன்று கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். ஒரு கார்டில் சந்தனம். இன்னொன்றில் பன்னீர் பட்டு எழுத்தே கரைந்திருக்கிறது. மூன்றாவதில் அல்வா ஒட்டியிருக்கிறது.

"மங்கை, எல்லா ஈமெயிலையும் நம்ம லிஸ்ட்டுல ஏத்திரும்மா. ஒருத்தர் விட்டுப் போச்சுன்னு பேச்சு வரக் கூடாது."

இந்தக் கடைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். சாத்தூரில் சேவுக்கடை வைத்திருக்கும் மனிதருக்கு எதற்கு இத்தனை பேர் என்று கேட்டதில்லை.

வெளிநாட்டு வியாபாரம் என் பொறுப்பு. தீபாவளிக்கு முன்பே சிங்கப்பூர், துபாய், கனடா என்று இருக்கிறவர்களுக்கு ஈமெயில் போகும். அவர்கள் ஆர்டர் தருவார்கள். பின்கட்டில் சண்முகத்தாய் மதினியும் இன்னும் ஏழு பெண்களும் தனி அடுப்பு மூட்டிச் சேவு தேய்ப்பார்கள். போன வாரம் இந்தத் தீபாவளிக்கான முதல் ஆர்டர் ஈமெயில் இருபத்திரண்டாயிரம் பேருக்குப் போனது. வந்த ஆர்டர் மூன்று. அதில் ஒன்று அண்ணாச்சியின் சொந்த மருமகன்.

மாலையில் அண்ணாச்சி கதவோரம் நின்றுகொண்டு சொன்னார். "பின்கட்டு இடத்துக்காரர் ஆள் விட்டுருக்காரு. தீபாவளியோட ஒப்பந்தம் முடியுதுல்லா. வெளிநாட்டு ஆர்டர் இல்லன்னா அந்த அடுப்பு எதுக்கும்மா? ஒப்படைச்சிருவோம்."

அதே நேரம் பார்த்து மதினி காபி கொண்டுவந்து வைத்தார். காதில் விழுந்ததா என்று முகத்தில் தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

சிங்கப்பூரிலிருந்து அலமேலு அம்மா போன் செய்தார். நம் கடையின் பழைய வாடிக்கை.

"ஏம்மா, கடைய மூடிட்டீங்களா? இந்த வருஷம் ஒரு மெயிலும் காணமே?"

போன வாரம் அனுப்பினோமே என்றேன். தேடிப் பார்த்தார். சிரித்தார். "அடக் கடவுளே, ஸ்பேம்ல கிடக்கு. லாட்டரி விழுந்துருக்குன்னு ஒரு மெயில், வழுக்கையில முடி வளரும்னு ஒரு மெயில், நடுவுல உங்க சேவு."

அவர் சிரித்தார். எனக்குக் காது மடல் வரை சுட்டது.

ஆகஸ்ட் 19, புதன்

என்னுடைய மூன்று ஈமெயில் முகவரிக்கும் கடையிலிருந்து அனுப்பிப் பார்த்தேன். மூன்றிலும் ஸ்பேம். சாயங்காலம் மழை. மாடியில் காய்ந்த துணியும் போச்சு.

ஆகஸ்ட் 21, வெள்ளி

ஈமெயில் அனுப்பித் தரும் கம்பெனியின் உதவி எண்ணில் இன்று ஒரு பையனைப் பிடித்துவிட்டேன். ஃபெபின், நாகர்கோவில்காரர். எங்கள் கணக்கைத் திறந்து பார்த்தார்.

"மேடம், வருத்தப்படாதீங்க. உங்க ஈமெயில்ல @-க்கு அப்புறம் வர்ற டொமைனுக்குப் பேரு கெட்டுப் போச்சு."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

இன்பாக்ஸ் வைத்திருக்கும் கம்பெனிகள் அனுப்புகிறவர்களை எல்லாம் கவனித்து மதிப்பெண் போட்டுக்கொண்டே இருக்குமாம். இல்லாத முகவரிக்கு எத்தனை போகிறது, எத்தனை பேர் திறக்காமலே விடுகிறார்கள், எத்தனை பேர் 'ஸ்பேம்' என்று அழுத்துகிறார்கள், யாராவது பதில் எழுதுகிறார்களா, அனுப்புவது நாங்கள்தான் என்பதற்கு டொமைனில் கையொப்பம் இருக்கிறதா, சும்மா கிடந்துவிட்டுத் திடீரென்று ஆயிரக்கணக்கில் கொட்டுகிறோமா. செத்துப்போன சில முகவரிகளை, யார் கேட்காமலே அனுப்புகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே விட்டுவைத்திருப்பார்களாம். எங்கள் லிஸ்ட்டில் அதுவும் இருக்கக்கூடும் என்றார். எல்லாப் பாடத்திலும் ஃபெயில் ஆன பிள்ளையின் ரிப்போர்ட் கார்டைக் கையில் வாங்கியது போல இருந்தது.

"என்ன மேடம் அனுப்புவீங்க வழக்கமா?"

சொன்னேன். ஆடிப்பெருக்குக்குக் காவிரிப் படம். சுதந்திர தினத்துக்குக் கொடி. பொங்கலுக்குக் கரும்பு. வெள்ளிக்கிழமைதோறும் மகாலட்சுமி. எல்லாம் படம்தான், எழுத்து ஒரு வரி இருக்காது. இருபத்திரண்டாயிரம் பேருக்கும்.

"வெள்ளிக்கிழமைதோறுமா?" என்றார் ஃபெபின். இன்றும் வெள்ளி. காலையில்தான் அனுப்பியிருந்தேன். அதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, சனி

அண்ணாச்சியிடம் சொன்னேன். யார் வாங்குகிறார்களோ, யார் திறந்து படிக்கிறார்களோ, அவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் நீக்க வேண்டும். வேறு வழி இல்லை.

"நீக்கணுமா?" குரல் ஏறிவிட்டது. "என் மூத்தவ கல்யாணத்துல ஒரு சித்தப்பா மகனுக்குப் பத்திரிகை வைக்க விட்டுப் போச்சு. இன்னைக்கு வரைக்கும் அவன் என் வாசப்படி மிதிக்கல. நீ இருபதாயிரம் பேர விடச் சொல்லுத!"

"அண்ணாச்சி, அவங்க யாரும் நம்ம மெயிலத் திறக்கவே இல்ல."

"அது அவுக இஷ்டம். கூப்புடுறது நம்ம மரியாதை."

"அந்த மரியாதையாலதான் நம்ம பேரு கெட்டிருக்கு."

சொல்லியிருக்கக் கூடாது. அந்த வார்த்தை அவரை நேராகப் போய்த் தைத்துவிட்டது. "நாப்பது வருஷமாச்சும்மா கடை போட்டு. குருசாமி பேரு கெட்டுருக்குன்னு ஒருத்தன் சொன்னதில்ல." காபியைத் தொடாமல் எழுந்து போனார். ஆனாலும் நான் சொன்னது சரிதான். நாளைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

மாவரைத்தேன். போர்வை துவைத்தேன். மத்தியானம் உட்கார்ந்து, டொமைன் வாங்கிய இடத்தில் நுழைந்து, ஃபெபின் அனுப்பிய கையொப்ப வரிகளை ஒவ்வொன்றாக ஒட்டினேன். ஒரு புள்ளி தப்பினாலும் கடையின் வெப்சைட்டே படுத்துவிடும் என்று பயமுறுத்தியிருந்தார். ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை சரிபார்த்தேன். வெப்சைட் படுக்கவில்லை.

லிஸ்ட்டையும் புரட்டினேன். என் அக்கா தெய்வானையின் முகவரியும் அதில் இருக்கிறது. மெல்போர்னுக்கு ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பதற்காக, வேலைக்குச் சேர்ந்தபோது நான்தான் ஏற்றினேன். சோதனைக்குத்தான். ரிப்போர்ட் காட்டுகிற கடந்த ஒரு வருடத்தில் ஒரு மெயிலையும் அவள் திறந்ததில்லை. அம்மா காரியத்துக்கு அவள் வராததோடு எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. பேச வேண்டியதை நான் அன்றைக்கே போனில் பேசிவிட்டேன்.

ஆகஸ்ட் 26, புதன்

கையொப்பம் ஏற்கப்பட்டது. ரிப்போர்ட்டில் மூன்று பச்சை டிக்! இந்த ஜென்மத்தில் கம்ப்யூட்டரில் நான் வாங்கிய முதல் டிக்.

அண்ணாச்சி இன்னும் என்னிடம் பேசவில்லை. கணக்குக் கேட்பதற்குக்கூட மதினியை அனுப்புகிறார். மதினி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "எங்க அடுப்பு நிக்குமா, மங்கை? இல்லன்னா இப்பவே சொல்லிரு தாயி. மில்லுக்குப் போறவளுக போய் எழுதி வச்சிருவாளுக."

"நிக்கும் மதினி" என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

இன்றைய நாளைப் பொன்னெழுத்தில் எழுதலாம்.

அண்ணாச்சியின் தம்பி மகனுக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம். பத்திரிகை வைக்க வண்டியில் கிளம்பினார்கள். வெற்றிலை பாக்குத் தட்டைத் தூக்க ஆள் வேண்டும் என்று அண்ணாச்சி வீட்டம்மா என்னையும் ஏற்றிக்கொண்டார். அண்ணாச்சி முன்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

மேலக்காந்தி நகரில் ஒரு வீடு. மணி அடித்தோம். ஒரு அம்மா வந்தார், தட்டைப் பார்த்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க தேடுற ஆளு இந்த வீட்ட வித்துட்டுத் திருப்பூர் போயாச்சு. போன கல்யாணத்துக்கும் வந்தீக, சொன்னேன். காதுகுத்துக்கும் வந்தீக, சொன்னேன். பூட்டுன கேட்டுக்குள்ள பத்திரிகையத் தூக்கிப் போட்டுட்டும் போயிருக்கீக. உங்க பேரப் பாத்தாலே என் பேரன், 'அந்தப் பத்திரிகைத் தாத்தா வந்துட்டாரு'ங்கறான்."

எதிர்வீட்டு மாடியில் இருவர் நின்று சிரித்தார்கள். அண்ணாச்சி தட்டை என்னிடம் நீட்டிவிட்டு வண்டியில் ஏறினார். நான் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வீடு படந்தால் பக்கம். அங்கே ஒரு பெரியவர், "காலையிலேர்ந்து உங்களத்தான்யா எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். பலகாரம், காபி எல்லாம் ஆயிற்று. திரும்பி வரும்போது அண்ணாச்சி முன்சீட்டிலிருந்தே, திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"மங்கை. அந்த லிஸ்ட்ட நாளைக்கு எடு."

செப்டம்பர் 1, செவ்வாய்

நேற்றும் இன்றும் வெட்டு. அண்ணாச்சி நாற்காலியை என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். சில பெயர்களுக்கு வழியனுப்பு விழாவே நடத்தினார்.

"இவரு தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர். நல்ல மனுஷன். போகட்டும்." "இவன் என்கூடப் படிச்சவன். ஒரு மெயிலும் திறக்கலையா? சரியான கல்லுளிமங்கன். தூக்கு." "ஐயையோ, இது கலெக்டர் ஆபீஸ் முகவரில்லா? அங்கயுமா மகாலட்சுமி போச்சு?"

மனசு கேட்காமல் நடுவில் ஒரு தட்டு நிறையச் சேவு வரவழைத்துத் தின்றார். இருபத்திரண்டாயிரம் போய், ஆயிரத்துத் தொள்ளாயிரம் மிச்சம். அதைப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது.

"பந்தி காலியாத் தெரியுதேம்மா."

"வந்து உக்காந்து சாப்பிடுறவங்க மட்டும்தான் அண்ணாச்சி இப்ப இருக்காங்க."

வாங்கியதும் இல்லை, திறந்ததும் இல்லை என்ற வரிசையில் அக்காவும் வந்தாள். அவளை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். சோதனைக்கு ஒரு முகவரி தேவைப்படும்.

செப்டம்பர் 3, வியாழன்

முதல் கடிதம் எழுதினோம். நான் 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு' என்று ஆரம்பித்தேன். அண்ணாச்சி வேண்டாம் என்றார். படம் இல்லை, கலர் இல்லை, 'அதிரடி' இல்லை. கல்லாவில் உட்கார்ந்து வாங்க வருகிறவர்களிடம் பேசுகிற மாதிரியே சொல்லச் சொல்ல, அப்படியே அடித்தேன்.

'நல்லாருக்கீங்களா? தீபாவளிக்கு இன்னும் நாளிருக்கு. அதுக்கு முன்னால ஒரு கேள்வி. உங்க வீட்டுல சேவு கடக்குன்னு இருக்கணுமா, கொஞ்சம் மெதுவா இருக்கணுமா? பூண்டு தூக்கலா, மிளகு தூக்கலா? ஒரு வரி எழுதுங்க. மாவு பிசையறப்ப ஞாபகம் வச்சுக்கிடுவோம்.'

கீழே ஒரு வரி நானாகச் சேர்த்தேன். 'டப்பா வந்த அன்றைக்கே மொத்தத்தையும் காலி செய்துவிட்டு, வயிற்றை வலிக்கிறது என்று எங்களுக்கு எழுதக் கூடாது.'

அனுப்புநர் முகவரியைப் பார்த்ததும் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அது என்னம்மா 'நோ-ரிப்ளை'?"

"பதில் போடாதீங்கன்னு அர்த்தம். போட்டா திரும்பிப் போயிரும். ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான் இருக்கு."

"வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டு வாசக் கதவச் சாத்துறதா? எந்த ஊரு மரியாதை இது? முதல்ல அத மாத்து. உன் பேரையே போடு."

மாற்றினேன். இனி mangai என்று தொடங்கும் முகவரி. ஃபெபின் சொன்னபடி, நன்றாக வாங்குகிற ஐம்பது பேருக்கு மட்டும் அனுப்பினேன்.

செப்டம்பர் 4, வெள்ளி

முப்பத்தொரு பதில்!

வெள்ளிக்கிழமை. மகாலட்சுமி படம் அனுப்பவில்லை. அவளாகவே வந்துவிட்டாள்.

செப்டம்பர் 5, சனி

நாள் முழுவதும் பதில் எழுதினேன். டொரண்டோவில் ஒருவர், மனைவி வீட்டில் பூண்டையே அனுமதிப்பதில்லை, ஆகவே தனக்கு மட்டும் ஆபீஸ் முகவரிக்குப் பூண்டுச் சேவு அனுப்ப வேண்டும், விஷயம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். மஸ்கட்டிலிருந்து ஒரு நர்ஸ், 'கடக்குனு. பல்லு போனாலும் பரவாயில்லை' என்கிறார். அலமேலு அம்மா, 'உங்க கடுதாசி இன்பாக்ஸ்லயே வந்துடுச்சு' என்று ஆசீர்வாதம் செய்திருக்கிறார்.

பதில்களை அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். பதில் வந்தால் மதிப்பெண் கூடும் என்றதும், "மதிப்பெண் கிடக்கட்டும், அந்தப் பல்லு போனவள இன்னொரு தடவ வாசி" என்றார்.

செப்டம்பர் 11, வெள்ளி

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறேன். நூறு, இருநூறு என்று. புது ஆளை ஊர் ஒரே நாளில் நம்பிவிடாது, பழகப் பழகத்தான் நம்பும். ஸ்பேம் என்று ஒருவர்கூட அழுத்தவில்லை. திரும்பி வந்த மெயில் மூன்றே மூன்று. அவற்றையும் உடனே தூக்கிவிட்டேன்.

செப்டம்பர் 14, திங்கள்

விநாயகர் சதுர்த்தி. காலையிலேயே அண்ணாச்சி கையில் ஒரு படத்தோடு வந்துவிட்டார். பிள்ளையார், ஐந்து வண்ணம், சுற்றிலும் மின்னும் பல்பு.

"இன்னைக்கு ஒரு நாளு. எல்லாருக்கும். பழைய லிஸ்ட்டுக்கும் சேத்து."

"முடியாது அண்ணாச்சி."

"பிள்ளையார் கோவிச்சுக்க மாட்டாரா?"

"பிள்ளையார் ஈமெயில் பாக்க மாட்டாரு. பாக்குறவங்க கோவிச்சுக்குவாங்க."

கொஞ்ச நேரம் முறைத்தார். அப்புறம் படத்தைக் கடைச் சுவரில் ஒட்டினார். வருகிறவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மத்தியானத்துக்குள் கோபம் போய், எனக்கு நாலு கொழுக்கட்டை வந்தது.

செப்டம்பர் 17, வியாழன்

லண்டனிலிருந்து ஒருவர் 'இனி அனுப்ப வேண்டாம்' பொத்தானை அழுத்திவிட்டார். ஐந்து வருட வாடிக்கை. எனக்கு அப்படி ஒரு எரிச்சல். அந்தப் பொத்தானை அடியில் பொடி எழுத்தில் ஒளித்துவைத்தால் என்ன என்று தோன்றியது. அண்ணாச்சியிடமே புலம்பினேன்.

"சொல்லிட்டுத்தானம்மா போறாரு? சொல்லாம போறவன்தான் வெளிய போய் நம்மளப் பத்திப் பேசுவான். வழிய நல்லாத் தெரியுற மாதிரி வையி."

ஃபெபினும் அச்சு அசல் இதையேதான் சொன்னார். போகிற வழி தெரியாதவர்கள்தான் கோபத்தில் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்களாம். அதன் அடி பலமானதாம். பொத்தானை மேலே, பெரிய எழுத்தில் வைத்துவிட்டேன். ஒரு மாதத்துக்கு முன் என்னோடு சண்டை போட்ட மனிதர் இப்போது எனக்கே பாடம் எடுக்கிறார்.

செப்டம்பர் 22, செவ்வாய்

என் மூன்று முகவரிக்கும் மறுபடி சோதனை. முதலாவது இன்பாக்ஸ். இரண்டாவது இன்பாக்ஸ். மூன்றாவதைத் திறக்கும் முன் குலசாமியைக் கும்பிட்டேன். இன்பாக்ஸ்!

பின்கட்டுக்கு ஓடிப் போய்ச் சண்முகத்தாய் மதினியைக் கட்டிப்பிடித்தேன். அவர் கை முழுக்கக் கடலை மாவு. என் சேலை முழுக்கக் கடலை மாவு. என்ன விஷயம் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் என்னோடு சேர்ந்து குதித்தார். "எண்ணெய்ச் சட்டி பக்கத்துல ஆடாதீகடி" என்று ஒருத்தி கத்தினாள்.

அக்டோபர் 1, வியாழன்

தீபாவளி ஆர்டர் கடிதம், ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேருக்கும். காலை பத்து மணிக்கு அண்ணாச்சி சாமி படத்தைப் பார்த்துக்கொண்டே, "அனுப்பு" என்றார். நான் அழுத்தினேன்.

அக்டோபர் 2, வெள்ளி

எழுத நேரமில்லை. ஆர்டர்! ஆர்டர்! ஆர்டர்!

அக்டோபர் 5, திங்கள்

போன தீபாவளிக்கு மொத்தம் வந்ததை இந்த நாலு நாளில் தாண்டிவிட்டோம். இருபத்திரண்டாயிரம் பேரைக் கூவிக் கூப்பிட்டபோது வராதது, அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதவர்களிடம் பேசியபோது வந்துவிட்டது. மதினி இன்னொரு அடுப்பு மூட்டிவிட்டார். மில்லுக்கு எழுதி வைத்திருந்த இரண்டு பெண்களையும் அவரே போய்த் திருப்பி அழைத்து வந்தார்.

சாயங்காலம் இடத்துக்காரர் வந்தார். சாவி எப்போது கிடைக்கும் என்று கேட்கத்தான் வந்திருப்பார். அண்ணாச்சி அவர் கையில் ஒரு பொட்டலம் சுடச்சுடச் சேவைக் கொடுத்துவிட்டு, "மூணு வருஷத்துக்கு எழுதிருவோமா?" என்றார். பின்கட்டிலிருந்து எட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன. மதினி அழுதார். அடுப்புப் புகை என்று சொன்னார். எனக்கும் புகைதான்.

அக்டோபர் 9, வெள்ளி

தனியே எடுத்து வைத்த முகவரி அப்படியே இருக்கிறது. சோதனைக்கு இனி தேவை இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் கடைசியாக ஒரு கடிதம் அனுப்பிக் கேட்க வேண்டும் என்பது முறை. 'உங்களுக்கு இனியும் எழுதலாமா, நிறுத்திவிடலாமா?' அதையே அனுப்பினேன். ஃபெபின் கொடுத்த மாதிரி வாசகம்தான். பெயர் மட்டும் 'அக்கா' என்று மாற்றினேன்.

அக்டோபர் 13, செவ்வாய்

திறக்கவில்லை. நீக்கிவிட்டேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். தலைவலி, சீக்கிரம் படுத்துவிட்டேன்.

அக்டோபர் 17, சனி

மெல்போர்னிலிருந்து பூங்குழலி என்ற பழைய வாடிக்கை பெரிய ஆர்டர் போட்டிருக்கிறார். அங்கே தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட வருகிற குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து வாங்குகிறார்களாம். டப்பா மேல் ஒட்ட ஒவ்வொருவர் பெயரும் கொடுத்திருக்கிறார். அதில் ஒரு பெயர் தெய்வானை.

உலகத்தில் எத்தனையோ தெய்வானை. அந்த டப்பாவை மட்டும் நானே கட்டினேன். மதினி பார்த்துக்கொண்டே நின்றார். "மிளகு இன்னொரு கை போடட்டா?" என்று கேட்டார். போடச் சொன்னேன். அம்மா கைச் சேவில் மிளகு தூக்கலாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 20, செவ்வாய்

கடைசிப் பார்சலும் வண்டி ஏறியது. அண்ணாச்சி ஒரு தேங்காய் உடைத்து, எல்லாருக்கும் புதுச் சேலை என்று அறிவித்தார். ஃபெபினுக்கும் ஒரு டப்பா போயிருக்கிறது.

அக்டோபர் 31, சனி

காலையில் கடை முகவரிக்கு வந்த பதில்களை வழக்கம்போலத் திறந்துகொண்டே வந்தேன். டப்பா கிடைத்தது, நன்றி, அருமை, அடுத்த வருடம் இன்னும் வேண்டும். ஏழாவதோ எட்டாவதோ அக்கா.

இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

'மங்கை, பூங்குழலி வீட்டுல உங்க கடை மெயில வாசிச்சுக் காட்டுனா. மொத்தத்தையும் காலி பண்ணிட்டு வயித்த வலிக்குதுன்னு எழுதக் கூடாதுன்னு ஒரு வரி வந்துச்சு. அது உன் வாயிதான்னு எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல எத்தன தடவ என்னச் சொல்லிருக்க. கீழ உன் பேரு வேற.

முன்னால ஒரு பொங்கலுக்கு உங்க கடையிலேர்ந்து கரும்புப் படம் வந்துச்சு. அம்மா தவறிப்போன வருஷம் அது. இவதான் அனுப்பிருக்கான்னு நெனச்சு அழுதுகிட்டே பதில் எழுதுனேன். விசா கிடைக்காம ஏர்போர்ட்ல நின்னத, உன்கிட்டச் சொல்ல முடியாமப் போனத, எல்லாத்தையும் எழுதுனேன். அடுத்த நிமிஷம் திரும்பி வந்துருச்சு. இந்த முகவரிக்குப் பதில் போடாதீங்கன்னு. நீதான் அப்படி வச்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன். கோவத்துல ஸ்பேம்னு அழுத்துனேன். அதுலேர்ந்து எல்லாம் அங்கதான் விழுந்துருக்கு.

இன்னைக்கு உக்காந்து தேடுனேன். மகாலட்சுமியா வந்து கொட்டிக் கிடக்கா. கடைசியா நீ மூணு வாரத்துக்கு முன்னால அனுப்புனதும் இருந்துச்சு. இனியும் எழுதலாமா, நிறுத்திரலாமான்னு. எழுது. ஸ்பேம் இல்லன்னு அழுத்திட்டேன்.'

நான் வாய்விட்டு அழுதேன், கடையில், பட்டப்பகலில். அண்ணாச்சி ஓடி வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். திரையைக் காட்டினேன். நின்றுகொண்டே முழுக்க வாசித்தார். 'பதில் போடாதீங்க' என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல. வாசக் கதவு," என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கல்லாப் பக்கம் போனார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். பத்து முறை எழுதி அழித்தேன். கடைசியில் ஒரு வரிதான் அனுப்பினேன். 'அக்கா, உனக்குக் கடக்குனு வேணுமா, மெதுவா வேணுமா?'

நவம்பர் 8, ஞாயிறு. தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, அண்ணாச்சி கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தெருவெல்லாம் வெடிச் சத்தம். போன் அடித்தது, வீடியோ கால். அக்கா. தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மடியில் நான் கட்டிய டப்பா, முக்கால்வாசி காலி.

"ஏன்டி, மிளகு இவ்வளவா போடுவ? வாயெல்லாம் எரியுது" என்றாள்.

இந்தத் தீபாவளிக்கு எங்கள் கடைக்கு வந்த ஒரே புகார் இதுதான். சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன்.